பழைய மானுவல் காருக்கு எந்த கியர் ஒயில் ஊற்றுவது? நாமே மாற்றலாமா?

25 வருடப் பழைய காரை வெள்ளவத்தையில் ஓட்டுவதாக எழுதியிருக்கிறீர்கள். காலையில் இரண்டாம் கியர் உரசிக்கொண்டு விழுகிறது, கடைக்காரர் 'ஜிஎல்-5தான் உயர்ந்தது' என்று சொல்கிறார், அதை வாங்கி நீங்களே மாற்றலாமா என்று கேட்கிறீர்கள். ஜிஎல்-4, ஜிஎல்-5 என்பவை கியர் ஒயிலின் இரண்டு வகைகள். கார்ப் புத்தகத்தில் ஜிஎல்-4 என்று இருந்தால் தயவுசெய்து ஜிஎல்-5ஐ வாங்காதீர்கள். அந்த ஒயிலோடு ஒரு வருடத்துக்கு மேல் ஓடி, கியர்ப்பெட்டிக்குச் சேதம் வரவிட்டவன் நான்.

என்னுடையது 1996ஆம் ஆண்டு நிசான் சனி, எஃப்பி14. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றபோது, விற்க நினைத்திருந்த காரை விற்காமல் வைத்துக்கொண்டேன். 2022இல் ரூபாய் சரிந்த பிறகு அதைக் கண்ணுக்குள் வைத்துப் பார்க்கத் தொடங்கினேன். 2025 பெப்ரவரியில் இறக்குமதி மறுபடி திறந்தும் புதிய காரின் விலை எனக்கு எட்டும் தூரத்தில் இல்லை. இந்த கியர்ப்பெட்டி போனால் என் குடும்பத்துக்கு வாகனம் இல்லை. ஆகவே இந்த விஷயத்தில் நான் கொஞ்சம் கண்டிப்பாகவே பேசுவேன்.

2021இல் ஒரு கராஜில் காரைச் சேர்விசுக்கு விட்டேன். கியர் ஒயிலையும் மாற்றியதாகச் சொன்னார்கள். பில்லில் ஜிஎல்-5 என்று இருந்தது. நான்கைவிட ஐந்து மேல்தானே என்று நானும் நினைத்துக்கொண்டேன். சில வாரங்களில் இரண்டாம் கியர் முரண்டு பிடிக்கத் தொடங்கியது. காலி வீதியில் பஸ் தரிப்பிடத்துக்குப் பஸ் தரிப்பிடம் ஒன்று, இரண்டு, மறுபடி ஒன்று என்று மாற்றிக்கொண்டே போக வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். ஒவ்வொரு தடவையும் அந்த உரசல் கைப்பிடி வழியாக உள்ளங்கைக்கு வரும்.

கடைசியில் கொட்டாஞ்சேனையில் ஒரு வயதான மெக்கானிக்கிடம் போனேன். அவர் கியர்ப்பெட்டியைத் தொடவே இல்லை. என்ஜினை நிறுத்திவிட்டு எல்லாக் கியரையும் போட்டுப் பார்த்தார். பிறகு என்ஜினை ஓடவிட்டு, கிளச்சை முழுதாக மிதித்து, மறுபடி போட்டுப் பார்த்தார். நிறுத்தியிருக்கும்போது இலகுவாக விழும் கியர்கள், ஓடும்போது எதுவுமே விழ மறுத்தால் குற்றம் பெரும்பாலும் கிளச்சில்தான். ஒயிலை மாற்றிப் பயனில்லை. என் காரில் நின்றபடி எல்லாம் விழுந்தன, ஓட்டத்தில் இரண்டாவது மட்டும் உரசியது. "கிளச் நல்லாக இருக்கிறது தம்பி, உள்ளே என்ன ஒயில்?" என்று கேட்டார். பில்லைக் காட்டினேன். தலையை அசைத்துவிட்டு, அழுக்குத் துணியில் கையைத் துடைத்தபடி விளக்கம் சொன்னார். நீங்களும் ஒயில் வாங்கப் போவதற்கு முன் இந்தச் சோதனையைச் செய்துவிடுங்கள்.

அவர் சொன்னதையும் பிறகு நான் படித்ததையும் சேர்த்துச் சொல்கிறேன். கியர் மாறும்போது இரண்டு பாகங்கள் வெவ்வேறு வேகத்தில் சுற்றிக்கொண்டிருக்கும். இடையில் இருக்கும் சிங்க்ரோ வளையம், பழைய கார்களில் பெரும்பாலும் பித்தளை, ஒரு கூம்பின்மேல் உரசிப் பிடித்து இரண்டையும் ஒரே வேகத்துக்குக் கொண்டுவருகிறது. அந்தக் கணத்தில் அதற்கு வேண்டியது உராய்வு. ஒயில் அளவுக்கு மீறி வழுக்கினால் வளையம் பிடிக்காது. வேகம் பொருந்துவதற்குள் பற்கள் மோதும். நீங்கள் கேட்கும் சத்தம் அதுதான்.

ஜிஎல்-5 வேறொரு வேலைக்காகப் பிறந்தது. பின்சக்கரம் இழுக்கும் வாகனங்களின் டிஃபரென்ஷியலில், அதாவது இரண்டு சக்கரங்களுக்கும் இழுவையைப் பகிர்ந்து கொடுக்கும் பாகத்தில், பற்கள் ஒன்றின்மேல் ஒன்று கடும் அழுத்தத்தில் சறுக்குகின்றன. அதைத் தாங்குவதற்காக, கந்தகமும் பொசுபரசும் கொண்ட சேர்மானம் ஜிஎல்-4இல் இருப்பதைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு சேர்க்கப்படுகிறது. வழுக்கும் தன்மை ஒரு பக்கம் இருக்க, சூடேறும்போது அந்தக் கந்தகச் சேர்மானங்களில் சில பித்தளையை அரிக்கவும் செய்யும். என்னுடையதுபோன்ற, முன்சக்கரம் இழுக்கும் கார்களில் டிஃபரென்ஷியல் கியர்ப்பெட்டிக்குள்ளேயே இருக்கிறது. ஆனால் அதன் பற்கள் சாய்வுப் பற்கள், அப்படிச் சறுக்குபவை அல்ல. எனவே அதற்காகவும் ஜிஎல்-5 தேவையில்லை. பின்சக்கரம் இழுக்கும் டொல்பின் வான் வைத்திருப்பவருக்குப் பின் டிஃபரென்ஷியலுக்கு ஜிஎல்-5 வேண்டும். கடைக்காரர் தினமும் அதை விற்றுப் பழகியிருப்பார், அவரைக் குறை சொல்ல முடியாது. நான்கும் ஐந்தும் தர வரிசை அல்ல, இரண்டு வேறு வேலைகளின் பெயர் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

எல்லாக் கார்களுக்கும் ஒரே விதி கிடையாது. சில டொயோட்டா புத்தகங்கள் ஜிஎல்-4, ஜிஎல்-5 இரண்டையும் அனுமதிக்கின்றன. ஹொண்டா, எம்டிஎஃப் என்ற தன் சொந்தக் கியர்ப்பெட்டித் திரவத்தைக் கேட்கிறது. பழைய ஹொண்டாக்களுக்கு 10டபிள்யூ-30 என்ஜின் ஒயிலே விதிக்கப்பட்டிருந்தது. அவற்றில் கெட்டியான கியர் ஒயிலை ஊற்றினால் கியர் மாற்றுவதே சிரமமாகிவிடும்.

அடுத்து, கெட்டித்தன்மை. 75டபிள்யூ-90 என்ற எண்ணைப் பார்த்து, என்ஜின் ஒயிலைவிடப் பல மடங்கு தடிப்பு என்று பயப்பட வேண்டாம். கியர் ஒயிலின் அளவுகோல் வேறு. அதன் 90 என்பது என்ஜின் ஒயிலின் 40, 50க்குக் கிட்டத்தட்டச் சமம். முதல் எண் குளிருக்கானது. கொழும்பில் குளிர் என்று ஒன்று இல்லை. புத்தகம் அனுமதித்தால் 80டபிள்யூ-90 சாதாரண ஒயிலே நம் ஊருக்குப் போதும். ஆனாலும் காலையில்தான் உங்கள் கியர் முரண்டுகிறது என்பதால், விலை கட்டுப்படியானால் 75டபிள்யூ-90 செயற்கை ஒயிலை எடுங்கள். சூடேறாத நேரத்தில் அது இளகலாக இருக்கும்.

பஞ்சிகாவத்தையில் வாங்குவதானால் போத்தலின் பின்பக்கத்தை நின்று வாசியுங்கள். 'ஜிஎல்-4/ஜிஎல்-5' என்று இரண்டும் அச்சிட்டிருந்தால், ஜிஎல்-4 மட்டும் கேட்கும் காருக்கு அதைத் தவிர்ப்பது என் வழக்கம். என் காருக்கு ஏறத்தாழ 3 லீற்றர் பிடிக்கிறது. உங்கள் அளவைப் புத்தகத்தில் பாருங்கள்.

மாற்றுவது கடினமான வேலை இல்லை, இடம்தான் பிரச்சினை. அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில் பெரும்பாலும் அனுமதிக்க மாட்டார்கள், ஜாக்கை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் போகவே கூடாது. நான் ஒயிலை நானே வாங்கிக்கொண்டு, குழி உள்ள கராஜுக்குப் போய்ப் பக்கத்தில் நிற்கிறேன். பதினைந்து நிமிடம் ஓடிச் சூடான கார், சமதளமாக நிற்க வேண்டும். முதலில் கழற்ற வேண்டியது பக்கத்தில் ஒயில் ஊற்றும் நட்டை. இதை வலியுறுத்திச் சொல்கிறேன்: கீழே உள்ளதைக் கழற்றி ஒயிலை இறக்கிய பிறகு மேலே உள்ளது இறுகிப்போய்க் கழலாவிட்டால், ஒயில் இல்லாத காரோடு அங்கேயே நிற்பீர்கள்.

இறங்கும் ஒயிலைக் கவனமாகப் பாருங்கள். நட்டின் காந்தத்தில் சாம்பல் நிறப் பசைபோல் ஒட்டியிருப்பது சாதாரணத் தேய்மானம். துண்டுகள் இருந்தால் பெட்டியைத் திறக்க வேண்டிவரும். பொன் நிறத்தில் மினுங்கினால் அது சிங்க்ரோ வளையத்தின் பித்தளை. என் ஒயிலில் அது தெரிந்தது. 2016 மே மாதம் களனி கங்கை பெருகியபோது நான் கொலன்னாவைப் பக்கம் பாதிச் சக்கர வெள்ளத்தில் ஓட்டி வந்தேன். பிறகு இறக்கிய ஒயில் பால் தேநீர் நிறத்தில் இருந்தது. சூடான பெட்டி வெள்ளத்தில் சட்டென்று குளிர்ந்தால், காற்றுத் துளை வழியாக நீரை உறிஞ்சிக்கொள்ளும். உங்கள் காரும் வெள்ளத்தில் இறங்கியிருந்தால் எத்தனை கிலோமீற்றர் ஓடியது என்று கணக்குப் பார்க்காமல் மாற்றிவிடுங்கள்.

கீழ் நட்டுக்குப் புதிய வாசர் போட்டு இறுக்கி, பக்கத் துளையில் ஒயில் வழியத் தொடங்கும்வரை ஊற்ற வேண்டும். பழைய ஒயிலைப் போத்தலில் அடைத்துக் கராஜிலேயே கொடுங்கள். வடிகானில் ஊற்றினால் வெள்ளவத்தைக் கால்வாய் வழியாக நேரே கடலுக்குத்தான் போகும்.

ஜிஎல்-4க்கு மாறிய சில நாட்களில் என் இரண்டாம் கியர் மென்மையாகியது, ஆனால் முழுதாகச் சரியாகவில்லை. தேய்ந்த பித்தளையை எந்த ஒயிலும் திருப்பித் தராது; மூன்றிலிருந்து இரண்டுக்கு அவசரமாக இறக்கும்போது இப்போதும் இலேசாக உரசுகிறது. உங்களுக்கு அந்த அளவு தேய்ந்திருக்காது என்று நம்புகிறேன். மாற்றிய இரவு காருக்கு அடியில் ஓர் அட்டைத் துண்டை விரித்து வையுங்கள். காலையில் அதில் கந்தக நெடியோடு துளி விழுந்திருந்தால், வாசர் சரியாக உட்காரவில்லை. அன்றைக்கே திரும்பக் கொண்டுபோய்ப் பார்க்கச் சொல்லுங்கள்.