கணக்குல புலியா இருக்கற பிள்ளைக்கு எந்த ஆன்லைன் கோர்ஸ் வாங்கறது? (கேள்வி-பதில்)

கேள்வி: வணக்கம் அக்கா, திருப்பூர்ல இருந்து எழுதறேன். என் பொண்ணுக்கு 9 வயசு, 4ஆம் கிளாஸ், சிபிஎஸ்இ. 6ஆம் கிளாஸ் கணக்கு புக்க எடுத்து அவளே போட்டுட்டு இருக்கா, கிளாஸ்ல ஒரே போருங்கறா. ஒரு ஆன்லைன் கம்பெனில ஃப்ரீ டெமோ போட்டோம், முடிஞ்ச கையோட ஃபோன் பண்ணி "உங்க பொண்ணு ஜீனியஸ் சார், ரெண்டே வருஷத்துல 8ஆம் கிளாஸ் வரைக்கும் முடிச்சிடலாம்"னு சொல்றாங்க. ரெண்டு வருஷத்துக்கு 72,000 ரூபா, நோ காஸ்ட் இஎம்ஐ, இன்னைக்கு ராத்திரி 12 மணிக்குள்ள கட்டினா தள்ளுபடியாம். கூட வேலை பாக்கறவர் ஒருத்தர் அமெரிக்கா கோர்ஸ், ஏஓபிஎஸ்னு ஏதோ சொல்றார். எத எடுக்கறது?

பதில்: மொதல்ல அந்த 12 மணிய விடுங்க, அது நாளைக்கும் வரும், நாளன்னைக்கும் வரும். 2023 நவம்பர்ல மத்திய அரசு டார்க் பேட்டர்ன்னு சொல்ற ஆன்லைன் தில்லுமுல்லுங்கள தடுக்க ஒரு வழிகாட்டு நெறிமுறை போட்டுச்சு, அதுல 13 வகை இருக்கு, லிஸ்ட்ல மொதல்ல நிக்கறதே இந்த பொய் அவசரம் தான்.

இப்ப பொண்ணு விஷயம். ரெண்டு வருஷத்துல 8ஆம் கிளாஸ் வரைக்கும் முடிச்சிடுவான்னே வச்சுக்குவோம், அப்ப அவ ஸ்கூல்ல உக்காரப் போறது 6ஆம் கிளாஸ் பெஞ்சுல தானே? இப்பவே போருங்கறவளுக்கு அப்ப எப்படி இருக்கும்னு யோசிங்க. போர் அடிக்கறதுக்கு காரணம் அவ போடற கணக்கு சுலபமா இருக்கறது, அதே சுலபத்துல மேல் கிளாஸ் கணக்க கொடுத்தா கொஞ்ச நாள் குஷியா இருப்பா, அவ்ளோ தான்.

காசு கட்டறதுக்கு முன்னாடி வீட்லயே ஒண்ணு செஞ்சு பாருங்க. ஒரு செவ்வகத்தோட சுத்தளவு 24 செ.மீ., பக்கமெல்லாம் முழு எண், அப்படி எத்தனை செவ்வகம் போட முடியும், எதுக்கு பரப்பளவு ஜாஸ்தி, ஏன்? இதுல 4ஆம் கிளாஸுக்கு மேல ஒண்ணுமே இல்ல. சதுரத்தையும் சேத்தா 6 வரும், பரப்பு ஜாஸ்தி இருக்கறது 6க்கு 6, அது 36. விடை வருதாங்கறத விட அவ என்ன பண்றாங்கறத பாருங்க. ஒண்ணு ஒண்ணா வரிசையா எழுதறாளா, "ஏன்"னு கேட்டதும் முழிக்கறாளா, இல்ல அவளே அடுத்தது 30 வச்சு பாக்கறேன்னு கிளம்பறாளா. அப்படி கிளம்பினா அவளுக்கு வேண்டியது கஷ்டமான கணக்கு. விடை தெரியலன்னதும் அழுகை வந்தாலும் அதே தான் வேணும், மெதுவா. ஏன்னா இந்த மாதிரி பிள்ளைங்க பல பேருக்கு பத்து நிமிஷம் ஒரே கணக்கோட மல்லுக்கட்டற பழக்கமே இருக்காது, எல்லாம் உடனே வந்து பழகிடுச்சு.

உங்க ஆபீஸ்காரர் சொன்னது ஆர்ட் ஆஃப் ப்ராப்ளம் சால்விங், சுருக்கமா ஏஓபிஎஸ், 2003ல ரிச்சர்ட் ருஸ்சிக்னு ஒருத்தர் ஆரம்பிச்சது. சின்ன வயசுலயே கால்குலஸ் வரைக்கும் ஓட விடறது பிள்ளைய மாட்டிவிடற ஒரு பொறின்னு ரொம்ப வருஷமா சொல்லிட்டு இருக்கற ஆளு அவர். உங்க பொண்ணு வயசுக்கு அவங்ககிட்ட இருக்கறது பீஸ்ட் அகாடமி, காமிக்ஸ் மாதிரி, குட்டி பூதங்க தான் மாணவங்க, பாடம் படக்கதையா போகும், கணக்கு மட்டும் படு கஷ்டம். லெவல் 1ல இருந்து 5 வரை. அந்த நம்பர நம்ம கிளாஸோட ஒப்பிடாதீங்க, 4ஆம் கிளாஸ்னு நேரா லெவல் 4ல போட்டு மாட்டிக்கறவங்க நிறைய. அவங்க சைட்லயே எந்த லெவல்ல சேரலாம்னு பாக்க ஃப்ரீ டெஸ்ட் இருக்கு, அத பிரிண்ட் எடுத்து பக்கத்துல உக்காராம போட விடுங்க. புக்கா வாங்கினா ஒரு லெவலுக்கு கைடு 4, பயிற்சி 4, ஆக 8 புக்கு, அங்க இருந்து வரவழைச்சா ஷிப்பிங்கே கண்ண கட்டும், அதனால நம்ம ஊருக்கு ஆன்லைன் சந்தா தான் கட்டுபடியாகும்.

கொஞ்சம் பெரிய பிள்ளைங்களுக்கு, ப்ரீ அல்ஜீப்ரால (அல்ஜீப்ராவுக்கு முந்தின படி) இருந்து, ஏஓபிஎஸ் நேரடி வகுப்பு நடத்துது. இதுல தெரியாம காசு கட்டி அதிர்ச்சி ஆகறவங்க உண்டு, சொல்லிடறேன். அந்த கிளாஸ்ல டீச்சர் முகமும் வராது குரலும் வராது, சாட் மாதிரி டைப் பண்ணுவாங்க, பிள்ளையும் டைப் பண்ணி தான் பதில் சொல்லணும். இங்கிலீஷ்ல வேகமா படிக்க வராத பிள்ளைக்கு கணக்கு தெரிஞ்சாலும் திண்டாட்டம். நேரமும் அவங்க சாயங்காலம், அங்க கிழக்கு கடற்கரைல ராத்திரி 7:30ன்னா நமக்கு விடியக்காலை 5, குளிர்காலத்துல 6. ஆனா ஒண்ணு எனக்கு ரொம்ப பிடிக்கும், ஒவ்வொரு கோர்ஸுக்கும் ரெண்டு டெஸ்ட் ஃப்ரீயா வச்சிருக்காங்க, ஒண்ணு "இதுக்கு நீ தயாரா", இன்னொண்ணு "இது உனக்கு தேவையா". ரெண்டாவதுல நல்லா போட்டா வாங்காதேன்னு அவங்களே சொல்றாங்க. நம்ம ஊர் சேல்ஸ்காரங்க கிட்ட இத எதிர்பாக்க முடியுமா!

காசே போடாமலும் ஒரு வருஷம் ஓட்டலாம். ஏஓபிஎஸ்ஸோட அல்குமஸ்னு ஒரு ஆன்லைன் பயிற்சி ஃப்ரீ, சரியா போட போட கணக்கு கஷ்டமாகிட்டே போகும், ஆனா அது ப்ரீ அல்ஜீப்ரா அளவுக்கு வந்த அப்புறம். அதுவரைக்கும் கேம்ப்ரிட்ஜ் யூனிவர்சிட்டியோட என்ரிச் சைட் இருக்கு, சின்ன வயசுல இருந்தே புதிர் மாதிரி கணக்கு, அதுவும் ஃப்ரீ. கான் அகாடமி ஸ்கூல் பாடத்துல ஓட்டை இருந்தா அடைக்க நல்லது, இந்த மாதிரி பிள்ளைக்கு அது மட்டும் போதாது.

அந்த 72,000 ரூபா கம்பெனிய மட்டமா சொல்லல, சில இடத்துல நிஜமாவே நல்ல டீச்சர் கிடைப்பாங்க. ஆனா டெமோ எடுத்தவங்களே தான் ரெகுலரா எடுப்பாங்களா, ஒரு பேட்ச்ல எத்தனை பேரு, ஆறாவது மாசத்துல கொடுக்கற வொர்க்‌ஷீட் ஒண்ணு அனுப்ப முடியுமா, நடுவுல நிறுத்தினா எவ்ளோ திரும்ப வரும், சொன்ன விலை 18% ஜிஎஸ்டி சேத்தா சேக்காமலா, இதெல்லாம் ஃபோன்ல கேக்காம மெயில்ல கேளுங்க. மெயில்ல பதில் வரலன்னா உங்களுக்கு பதில் கிடைச்சாச்சு. மாசா மாசம் கட்டற மாதிரி இருந்தா மட்டும் எடுங்க.

வெளிநாட்டு சைட்டுன்னா கார்டுல இன்டர்நேஷனல் ஆன் பண்ணணும், டாலர மாத்த பேங்க் மார்க்கப்னு ஒரு கூடுதல் கட்டணம் போடும், பல கார்டுல 3.5% பக்கம், அதுக்கு மேல ஜிஎஸ்டி. இதையும் சேத்து கணக்கு போட்டுட்டு அப்புறம் எது மலிவுன்னு பாருங்க.

கேள்வி: மேடம், பையனுக்கு போன வருஷம் ஒரு ரெண்டு வருஷ கணக்கு கோர்ஸ் வாங்கினோம், ஏழு மாசத்துல மூணு டீச்சர் மாறிட்டாங்க. நிறுத்தறோம்னா ரீஃபண்ட் கிடையாதுங்கறாங்க. இஎம்ஐ கட்டறத நிறுத்திடலாமா? (மதுரை வாசகி)

பதில்: அய்யய்யோ, அத மட்டும் பண்ணிடாதீங்க. நோ காஸ்ட் இஎம்ஐங்கறது பெரும்பாலும் ஒரு ஃபைனான்ஸ் கம்பெனி உங்க பேர்ல கொடுத்த கடன், கோர்ஸ் கம்பெனிக்கு அவங்க பணத்த அப்பவே கொடுத்திருப்பாங்க. நீங்க கிளாஸ நிறுத்தினாலும் கடன் நிக்காது, கட்டலன்னா சிபில்ல அடி விழறது உங்களுக்கு.

கோர்ஸ் கம்பெனிக்கு மெயில் போடுங்க, எந்த தேதில டீச்சர் மாறினாங்க, எத்தனை கிளாஸ் நடக்கல, மிச்ச காலத்துக்கு எவ்ளோ திரும்ப வேணும்னு. அதே மெயில ஃபைனான்ஸ் கம்பெனிக்கும் போடுங்க. அடுத்து 1915, தேசிய நுகர்வோர் உதவி எண், பல கம்பெனிங்க இதுலயே இறங்கி வந்துடும். வரலன்னா மாவட்ட நுகர்வோர் ஆணையம் தான். 2019 சட்டப்படி நீங்க இருக்கற ஊர்லயே வழக்கு போடலாம், கம்பெனி பெங்களூர்ல இருந்தாலும் நீங்க மதுரைல போடலாம், 5 லட்சம் வரைக்கும் கோர்ட் ஃபீஸ் இல்ல, வக்கீல் வச்சே ஆகணும்னும் இல்ல. கடன் கொடுத்தவங்க 30 நாள்ல பதில் தரலன்னா ரிசர்வ் பேங்க் ஆம்பட்ஸ்மேன் (புகார் விசாரிக்கறவர்) கிட்ட தனியா போகலாம், அதுக்கு எண் 14448.

புதுசா கடன் போட்டவங்களுக்கு ஒண்ணு. கடன் தர்றப்ப கே.எஃப்.எஸ்.னு (கீ ஃபேக்ட்ஸ் ஸ்டேட்மென்ட், கடனோட முக்கிய விவரம்) ஒரு தாள் கொடுக்கணும், அதுல கூலிங் ஆஃப் பீரியட் எத்தனை நாள்னு இருக்கும். அதுக்குள்ள மனசு மாறினா அசலையும் அந்த நாளுக்கான வட்டியையும் கட்டிட்டு அபராதம் இல்லாம வெளிய வந்துடலாம்.

கேள்வி: ஒலிம்பியாட் கோச்சிங்னு 3ஆம் கிளாஸ்லயே ஆரம்பிக்க சொல்றாங்களே, தேவையா?

பதில்: எந்த ஒலிம்பியாட்னு கேளுங்க. ஸ்கூல்ல ஃபார்ம் கொடுத்து மெடல் கொடுக்கறது தனியார் பரீட்சை, அதுல கலந்துக்கறதுல தப்பு இல்ல, ஆனா நாட்டுக்காக அனுப்பற ஒலிம்பியாட் வழி வேற. அது ஐஓக்யூஎம்ங்கற முதல் கட்ட பரீட்சைல ஆரம்பிச்சு, அடுத்து வட்டார அளவுல ஆர்எம்ஓ, தேசிய அளவுல ஐஎன்எம்ஓ, அப்புறம் பயிற்சி கேம்ப், கடைசில 6 பேர் டீம். 8ஆம் கிளாஸுக்கு முன்னாடி அதுக்குள்ள போக முடியாது. பாடத்திட்டத்துல கால்குலஸும் கிடையாது, எண்ணியல், ஜியாமெட்ரி, காம்பினேடரிக்ஸ் (எத்தனை விதமா வரும்னு எண்ற கணக்கு), அல்ஜீப்ரா தான்.

சின்ன பிள்ளைக்கு ருசி காட்டணும்னா சென்னை திருவல்லிக்கேணில 1965ல இருந்து இருக்கற இந்திய கணித ஆசிரியர் சங்கம், ஏஎம்டிஐ, நடத்தற என்எம்டிசிங்கற கணக்கு போட்டி இருக்கு, 5, 6ஆம் கிளாஸ் பிள்ளைங்களுக்கு கணித மேதை காஸ் பேர்ல ஒரு பிரிவு, 7, 8க்கு கப்ரேகர் பேர்ல. பழைய கேள்வித்தாள தேடி எடுத்து வாரத்துக்கு ரெண்டு கணக்கு கொடுங்க. அபாகஸ், வேத கணிதம்லாம் கைவேகம், மனக்கணக்கு வேகம், இந்த மாதிரி பரீட்சைக்கு அது பெருசா கை கொடுக்காது.

கேள்வி: பையன ஸ்கூல்ல இருந்து நிறுத்தி வீட்லயே படிக்க வைக்கறோம், வயசு 12. ஆன்லைன் கோர்ஸ் சர்டிஃபிகேட் 10ஆம் கிளாஸுக்கு சமமா எடுத்துப்பாங்களா?

பதில்: எடுத்துக்க மாட்டாங்க, எவ்ளோ பெரிய கம்பெனி கொடுத்தாலும் சரி. பத்தாவதுக்கு என்ஐஓஎஸ் (மத்திய அரசோட தேசிய திறந்தநிலைப் பள்ளி) செகண்டரி பரீட்சை எழுதலாம், 14 வயசு ஆகியிருக்கணும். அதனால உங்களுக்கு ரெண்டு வருஷம் கைல இருக்கு, அந்த ரெண்டு வருஷமும் சிலபஸ துரத்தாம அவனுக்கு பிடிச்ச கணக்க போட விடுங்க. என்ஐஓஎஸ் கணக்கு புக்கு அவங்க சைட்லயே ஃப்ரீயா கிடைக்குது, அதுக்குன்னு தனியா கோர்ஸ் வாங்க வேணாம்.