தம்பியின் காருக்கு 39 மணி நேரம்

கேள்வி: ஐயா, நான் மலேசியாவின் பாடாங் செராயில் ஒரு கையுறைத் தொழிற்சாலையில் 9 ஆண்டுகளாக வேலை செய்கிறேன். வயது 41. அடிப்படைச் சம்பளம் 1,700 வெள்ளி (ரிங்கிட்). ஓ.டி. (கூடுதல் நேர வேலை) சேர்ந்தால் 2,300 வரும். தம்பியின் கார் தவணை 480 வெள்ளி. ‘ரெண்டு மாசம் மட்டும் கட்டுக்கா’ என்றான், 14 மாதம் ஆகிவிட்டது. மணிக்கட்டு வலிக்கிறது. ஓ.டி. போய்விடும் என்று எம்.சி. (மருத்துவ விடுப்பு) எடுப்பதில்லை. முதலீட்டோடு சேர்ந்த மருத்துவக் காப்புறுதிக்கு மாதம் 200 வெள்ளி கட்டச் சொல்கிறார் ஒரு முகவர். சேரலாமா?

பதில்: இப்போது வேண்டாம், சகோதரி. அந்த 200 வெள்ளிக்கும் நீங்கள் ஓ.டி.தான் பார்க்கப் போகிறீர்கள். முதலீடும் காப்புறுதியும் ஒரே பையில் வந்தால், எதற்கு எவ்வளவு போகிறது என்பதை முகவரிடமே கேட்டுப் பாருங்கள். நேரான பதில் வருவது அபூர்வம்.

சிக்கல் கார்தான். 1,700-ஐ 26 நாளால் வகுத்து, அதை 8 மணி நேரத்தால் வகுத்தால் மணிக்கு 8 வெள்ளி 17 காசு. ஓ.டி. ஒன்றரை மடங்கு, அதாவது சுமார் 12 வெள்ளி 25 காசு. 480 வெள்ளிக்கு 39 மணி நேரம். மாதம் உங்களுக்கு வரும் 600 வெள்ளி ஓ.டி. மொத்தமே சுமார் 49 மணி நேரம் இருக்கும். அதில் 39 மணி நேரம் தம்பியின் காருக்காக நிற்கிறீர்கள்! இதுவரை 6,720 வெள்ளி போயிருக்கிறது. ஓ.டி. பணத்துக்கு இ.பி.எஃப். (ஊழியர் சேமநிதி) பிடிப்பதில்லை என்பதால் முதலாளியின் பங்கும் உங்களுக்கு வரவில்லை. கை தேய்ந்ததுதான் மிச்சம்.

ஐந்து ஆண்டுக்கு மேல் வேலை செய்தவருக்குச் சட்டப்படி ஆண்டுக்கு 22 நாள் சம்பளத்தோடு நோய் விடுப்பு உண்டு. ஆஸ்பத்திரியில் படுக்க நேர்ந்தால் 60 நாள் தனி. அப்புறம், மணிக்கட்டு வலி வேலையால் வந்தது என்று உறுதியானால் அது சொக்சோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு அமைப்பு) விஷயம். வேலை செய்ய முடியாத நாட்களுக்குச் சராசரி தினச் சம்பளத்தில் 80 விழுக்காடு தருவார்கள். வேலையால் வரும் காயம், நோய்க்கான சொக்சோ சந்தாவை முதலாளிதான் மாதாமாதம் கட்டுகிறார். நீங்களோ கிளினிக்குக்கே போகாமல் வலி நிவாரணி தடவிக்கொண்டு நிற்கிறீர்கள். இந்த வாரமே போங்கள். எந்த வேலையில், எந்தக் கையில் வலிக்கிறது என்று சொல்லி எழுதி வாங்குங்கள்.

தம்பியிடம் ‘அடுத்த மாதத்திலிருந்து கட்ட மாட்டேன்’ என்று சொல்லிவிடுங்கள். பாதித் தொகை, மூன்று மாத அவகாசம் என்றெல்லாம் இறங்கிப் போகாதீர்கள். அவருக்குக் கஷ்டம் என்றால் மத்திய வங்கியான பேங்க் நெகாராவின் கடன் ஆலோசனை நிறுவனமான ஏ.கே.பி.கே.யில் இலவசமாகக் கடன் ஆலோசனை தருகிறார்கள், அவர் போகட்டும்.

ஒன்று மட்டும் உங்கள் கடிதத்தில் இல்லை. கார் வாங்கும்போது ஜாமீன் கையெழுத்து போட்டீர்களா? போட்டிருந்தால் தவணை நின்றதும் வங்கி உங்களைத் தேடி வரும். அப்போது பேச்சு வேறு, காரை விற்றுக் கடனை அடைப்பதுதான் வழி. போடவில்லை என்றால் வங்கிக்கு உங்களிடம் கேட்க எதுவும் இல்லை. தம்பியிடம் பேசுவதற்கு முன் அந்த ஒப்பந்தத்தை வாங்கிப் பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.