ஆன்லைன் கமிஷனில் லாபம் கரைகிறது, லாட்ஜ்காரர் என்ன செய்யலாம்?

கேள்வி: கும்பகோணத்தில் 22 அறை உள்ள லாட்ஜ் நடத்துகிறேன், அப்பா ஆரம்பித்தது. ஏ.சி. அறை 2,000 ரூபாய். இப்போது பாதிப் பேருக்கு மேல் ஆன்லைன் தளங்கள் வழியாகத்தான் வருகிறார்கள், கமிஷன் 20 சதவீதம். அறைகள் நிறைகின்றன, ஆனால் மாசக் கடைசியில் கையில் ஒன்றும் நிற்பதில்லை. தளங்களிலிருந்து மொத்தமாக விலகிவிடலாமா?

பதில்: விலக வேண்டாம். முதல் தடவை ஊருக்கு வருகிற பெங்களூருக்காரருக்கு உங்கள் லாட்ஜ் இருப்பதே அந்தத் தளம் காட்டித்தான் தெரியும், அதற்குக் கமிஷன் கொடுப்பதில் தப்பில்லை. அதே ஆள் இரண்டாவது, மூன்றாவது தடவையும் அதே வழியில் வந்து, ஒவ்வொரு தடவையும் நீங்கள் கமிஷன் கட்டுகிறீர்களே, பணம் போகிற ஓட்டை அங்கேதான் இருக்கிறது.

முதலில் கணக்கைச் சரியாகப் போடுவோம். 2,000 ரூபாய் அறைக்குக் கமிஷன் 400, அந்தக் கமிஷனுக்கு 18 சதவீதம் ஜி.எஸ்.டி. 72, ஆக 472 போகிறது. 2025 செப்டம்பர் 22-க்கு முன்பு நீங்கள் அறைக்கு 12 சதவீதம் வரி வாங்கினீர்கள், கமிஷனுக்குக் கட்டிய அந்த 72 ரூபாயை, அரசுக்கு நீங்கள் கட்ட வேண்டிய வரியில் உள்ளீட்டு வரியாகக் கழித்துக்கொள்ள முடிந்தது. இப்போது ஒரு நாளைக்கு 7,500 ரூபாய் வரையிலான அறைகளுக்கு வரி 5 சதவீதம், ஆனால் உள்ளீட்டு வரிச் சலுகை கிடையாது. விருந்தினருக்கு விலை குறைந்தது நல்ல விஷயம்தான், உங்களுக்கு அந்த 72 ரூபாய் முழுச் செலவாகிவிட்டது. அதனால் உங்கள் கமிஷனை 20 என்று நினைக்காதீர்கள், 23.6. ஏ.சி. மெஷின், மெத்தை, பெயின்ட் எதற்குக் கட்டிய ஜி.எஸ்.டி.யும் இனி திரும்பாது, அதையும் சேர்த்துத்தான் அறை வாடகையை முடிவு செய்ய வேண்டும். ஜி.எஸ்.டி.க்காகத் தளம் முன்கூட்டிப் பிடிக்கிற டி.சி.எஸ். அரை சதவீதமும், வருமான வரிக்காகப் பிடிக்கிற டி.டி.எஸ். 0.1 சதவீதமும் வேறு சங்கதி, அவை உங்கள் கணக்கில் வரவாக நிற்கிற பணம். அவற்றை விடாமல் எடுத்துக்கொள்கிறாரா என்று ஆடிட்டரிடம் கேளுங்கள்.

ஆக, தளம் வழியாக வந்தால் உங்களுக்கு 1,528 நிற்கிறது. நேரடியாகப் பேசுகிறவருக்கு 1,800 என்று சொன்னால்கூட உங்களுக்கு 272 ரூபாய் கூடுதல், அவருக்கும் 200 மிச்சம். விலையைக் குறைக்க மனசில்லையென்றால் அறையில் தங்குகிற இருவருக்கும் காலை டிபனும் டிகிரி காபியும் கொடுங்கள்.

தளத்தில் உள்ளதைவிடக் குறைவாக விற்கக்கூடாது என்று ஒப்பந்தத்தில் இருக்கிறதே என்று நீங்கள் தயங்கலாம். இந்த மாதிரி நிபந்தனைகளுக்காகத்தான் 2022 அக்டோபரில் இந்தியப் போட்டி ஆணையம் மேக்மைட்ரிப்-கோஐபிபோவுக்கு 223.48 கோடி ரூபாய் அபராதம் போட்டு, ஹோட்டல்களுடனான ஒப்பந்தங்களை மாற்றச் சொன்னது. உங்கள் ஒப்பந்தத்தில் இப்போது என்ன எழுதியிருக்கிறது என்று ஒரு தடவை உட்கார்ந்து படியுங்கள், பெரும்பாலான லாட்ஜ்காரர்கள் கையெழுத்துப் போட்டதோடு சரி.

உங்கள் ஊருக்கு ஒரு பலம் உண்டு, வருகிறவர்கள் திரும்பத் திரும்ப வருகிறார்கள். குலதெய்வம் இந்தப் பக்கம் இருக்கிற குடும்பங்கள், நவக்கிரகக் கோயில் சுற்றுகிறவர்கள், திருநாகேஸ்வரத்தில் பரிகாரம் செய்ய வருகிறவர்கள். செக்-இன் சமயத்தில் ரிசப்ஷனில் இருக்கிற தம்பி, "அடுத்த தடவை நேராவே எங்களுக்குக் கூப்பிடுங்க சார், ரூம் எடுத்து வைக்கிறோம்" என்று ஒரு வார்த்தை சொல்லி, அவர் அனுமதியோடு வாட்ஸாப் எண்ணைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். கூகுள் மேப்பில் உங்கள் லாட்ஜின் பக்கம் உங்கள் கையில் இருக்கிறதா, அதிலுள்ள போன் எண் உங்களுடையதுதானா என்று இன்றைக்கே பாருங்கள். வேறு யாரோ எண்ணை மாற்றிவைத்து முன்பணம் வாங்கி ஏமாற்றுவது நடக்கிறது.

அப்புறம், 24 மணி நேர செக்-அவுட். நம்ம ஊர் லாட்ஜ் வழக்கம் அது, விருந்தினருக்குப் பிடித்த விஷயமும்கூட. ஆனால் தளத்தில் பகல் 12 மணி என்று போட்டுவிட்டு, கவுன்டரில் வருகிறவருக்கு 24 மணி நேரம் கொடுத்தால் என்ன ஆகும்? ராத்திரி 9 மணிக்கு வந்தவர் மறுநாள் ராத்திரி 9 வரை அறையை வைத்திருப்பார். பகல் 12-க்கு ஆன்லைனில் பதிவு செய்த குடும்பம் பாட்டியோடும் பெட்டிகளோடும் சோபாவில் காத்திருக்கும், சாயங்காலமே ஒரு நட்சத்திரம் கொடுத்து எழுதிவிடும். அறைகளைப் பிரித்துவிடுங்கள். ஒரு மாடி முழுக்க 12 மணிக் கணக்கு, அது மட்டும் தளத்தில் இருக்கட்டும். சென்னையிலிருந்து இரவு ரயிலில் விடியற்காலை வந்து இறங்குகிறவர்களுக்கு இரண்டு அறையைக் குளித்து உடை மாற்ற மட்டும், தனிக் கட்டணத்தில் கொடுங்கள். நேரடி வருமானம்.

இன்னொன்று டிரைவர்கள். நவக்கிரக டூர் வேன் எந்த லாட்ஜில் நிற்கும் என்பதைப் பல சமயம் டிரைவர்தான் தீர்மானிக்கிறார், அவருக்கோ பாதி இடங்களில் வண்டிக்குள்தான் தூக்கம். அந்த மனிதர் மறுநாள் காலையில் ஒரு குடும்பத்தையே ஏற்றிக்கொண்டு திருநள்ளாறு வரை ஓட்டப் போகிறார். கீழ்த்தளத்தில் நான்கு கட்டில், மின்விசிறி, சுத்தமான பாத்ரூம், வண்டி கழுவத் தண்ணீர், இவ்வளவு செய்துகொடுங்கள். இதை நியாயத்துக்காகவே செய்யலாம், தொழிலுக்கும் நல்லது.

தளத்தில் வருஷம் முழுக்க ஒரே எண்ணிக்கையில் அறைகளைத் திறந்துவைக்காதீர்கள். முகூர்த்த நாட்களில் மண்டபக்காரர்களே பத்து அறை மொத்தமாகக் கேட்பார்கள், அன்றைக்குத் தளத்தை மூடிவிடுங்கள். ஆடியில், மார்கழியில் கல்யாணம் கிடையாது, வார நாட்களில் காலியாகக் கிடக்கும். அப்போது எல்லா அறைகளையும் தளத்தில் போடுங்கள், 1,528 என்பது பூட்டிய அறையைவிட எவ்வளவோ மேல். தள்ளுபடி மேளா என்று அவர்கள் போன் செய்யும்போது அந்தத் தள்ளுபடி யார் பணம் என்று கேட்டுவிட்டுச் சரி சொல்லுங்கள், பெரும்பாலும் உங்களுடையதாகத்தான் இருக்கும்.

கடைசியாக, அடுத்த மகாமகம் 2028-இல். 2016-இல் ஊர் எப்படி நிரம்பியது என்று உங்கள் அப்பாவுக்கு நினைவிருக்கும். அந்த நாட்களுக்கான பதிவு திறப்பதற்கு முன்பே அந்தத் தேதிகளைத் தளங்களில் அடைத்துவிடுங்கள், அதுவரை சேர்ந்திருக்கும் வாட்ஸாப் பட்டியலுக்கு முதலில் சொல்லுங்கள். இடையில் யாராவது மூன்று வருஷத்துக்கு மொத்த அறைகளையும் எங்களிடம் கொடுங்கள், மாசம் இவ்வளவு உறுதி என்று வந்தால், மகாமக நாட்களை விலக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.