முகூர்த்தத்துக்கு முன் மணமகள் அறையில் படம் எடுப்பது: வாசகர் கேள்விகளும் பதில்களும்

ஞாயிற்றுக்கிழமை காலை 7.30 முதல் 9 மணிக்குள் முகூர்த்தம். சிராங்கூன் சாலைக் கோயிலில் திருமணம். ஹோட்டல் அறையில், சன்னலோர வெளிச்சத்தில் படம் எடுக்க வேண்டும் என்பது மகளின் ஆசை. எத்தனை மணிக்கு அலங்காரத்தைத் தொடங்கலாம்? (உட்லண்ட்ஸ் வாசகி)

அந்த வெளிச்சம் அன்று அவருக்குக் கிடைக்காது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 1982ஆம் ஆண்டின் தொடக்கத்தில் சிங்கப்பூர் தன் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னால் நகர்த்திக்கொண்டதிலிருந்து, இங்கே ஆண்டு முழுவதும் ஏறத்தாழ 6.45 மணிக்கும் 7.15 மணிக்கும் இடையில்தான் சூரியன் உதிக்கிறது. முகூர்த்தம் தொடங்கும்போது கோயிலில் இருக்க வேண்டிய பெண் 6.45க்கே அறையை விட்டுக் கிளம்பியாக வேண்டும். அதற்கு முன் படம் எடுக்கும் நேரத்தில் சன்னலுக்கு வெளியே பெரும்பாலும் தெருவிளக்கைத் தவிர வேறொன்றும் தெரியாது. முக அலங்காரத்துக்கும் சடைக்கும் இரண்டரை மணி நேரம், புடவைக்கும் நகைக்கும் முக்கால் மணி நேரம், படத்துக்கு அரை மணி நேரம் என்று பின்னோக்கிக் கணக்கிட்டால், அதிகாலை மூன்று மணிக்கு எழுந்து உட்கார வேண்டியிருக்கும்.

ஆகவே வேலையை இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான ஹோட்டல்களில் பிற்பகல் மூன்று மணியளவில் அறை கிடைத்துவிடும். முந்தைய நாள் ஐந்து மணி வெயிலில், மெல்லிய திரையை மட்டும் இழுத்துவிட்டு, புடவை, நகை, மருதாணிக் கைகள் ஆகியவற்றை எடுத்து முடித்துவிடலாம். (மருதாணியை அதற்கும் முந்தைய இரவே வைத்துவிடுங்கள், இலையின் சாயம் முழுமையாகக் கறுத்துச் சிவக்க ஒன்றிரண்டு நாள் ஆகும்.) மறுநாள் காலைப் படங்களுக்குப் புகைப்படக்காரர் தாமே விளக்கு கொண்டுவர வேண்டும் என்று இப்போதே பேசிவிடுங்கள். அறையின் மஞ்சள் விளக்குகளை அணைத்துவிட்டு, வெள்ளைச் சுவரில் பட்டுத் திரும்பும் ஒளியில் எடுத்தால் முகம் தெளிவாக வரும்.

திருமணம் முடிந்து அறைக்குத் திரும்பி எடுத்துக்கொள்ளலாமே என்று சிலர் கேட்பதுண்டு. எடுக்கலாம், ஆனால் அது வேறு படம். அதற்குள் மணமகள் கூறைப்புடவைக்கு மாறி, கழுத்தில் தாலியும் ஏறியிருக்கும். 9 முதல் 10.30 மணி முகூர்த்தம் கிடைக்குமானால் இந்தச் சிக்கல் எதுவும் இல்லை, 7.30க்குத் தயாராகிவிட்டால் சன்னலோரத்தில் அரை மணி நேரம் நல்ல வெளிச்சம் உங்களுக்கே.

தம்பிதான் படம் எடுக்கிறான். நிச்சயதார்த்தத்தன்று அறையிலிருந்து வெளியே வந்தபோது எடுத்த படங்களெல்லாம் பனி மூடியதுபோல் வந்திருந்தன. கேமரா பழுதா? (ஜூரோங் வாசகர்)

பழுதில்லை, நம் ஊரின் ஈரம். இங்கே வெளிக்காற்றில் உள்ள நீராவி, ஏறத்தாழ 24 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த எதன்மீது பட்டாலும் நீர்த்துளியாகப் படிந்துவிடும். குளிர்சாதன அறையில் இரவு முழுவதும் 21 டிகிரியில் கிடந்த லென்ஸ், கதவைத் திறந்தவுடன் வியர்க்கிறது. தொழிலுக்கு வந்த புதிதில் நானும் இதில் மாட்டிக்கொண்டேன். பெண் வாசற்படியைத் தாண்டுகிறாள், தந்தை கையை நீட்டுகிறார், கேமராவுக்குள் வெறும் வெள்ளைப் புகை. துணியால் துடைத்தேன், மூச்சு விடுவதற்குள் மறுபடியும் மூடிக்கொண்டது. அந்தக் கணம் எந்தப் படத்திலும் இல்லை.

வெளியே பயன்படுத்தும் கேமராவை நெகிழிப் பையில் காற்றுப் புகாமல் கட்டி, கிளம்புவதற்கு அரை மணி நேரம் முன்பே குளிர்சாதனம் இல்லாத இடத்தில் வைத்துவிடச் சொல்லுங்கள். பை தொட்டால் சில்லென்று இல்லாதபோதுதான் திறக்க வேண்டும். கண்ணாடி வியர்த்திருக்கும் வேளையில் லென்ஸை மாற்றக் கூடாது; ஈரம் உள்ளேயும் போய்விடும். குளிர்சாதனத்தை அணைத்துவிடுவது இன்னும் எளிது என்றாலும், அலங்காரம் செய்துகொண்டிருக்கும் பெண்ணிடம் அதைச் சொல்லும் துணிச்சல் எனக்கு இல்லை.

ஃபிளாஷ் அடித்த படங்களில் மட்டும் என் முகம் சாம்பல் பூசியதுபோல் வெளுத்துத் தெரிகிறது. கழுத்து என் நிறத்திலேயே இருக்கிறது. (பொங்கோல் வாசகி)

வெயிலைத் தடுக்கும் பூச்சுகளில் உள்ள துத்தநாக ஆக்சைடும் டைட்டானியம் டை ஆக்சைடும், மேலே தூவும் வெள்ளைப் பவுடரில் உள்ள சிலிகாவும் ஃபிளாஷ் ஒளியை அப்படியே திருப்பி அனுப்புவதால் வரும் வினை இது. கண்ணாடியில் தெரியாது. அலங்கார ஒத்திகையின்போது விளக்கை அணைத்துவிட்டு, கைப்பேசியின் ஃபிளாஷில் ஒரு படம் எடுத்துப் பாருங்கள். வெளுத்தால் பவுடரை மாற்றச் சொல்லுங்கள். காஞ்சிப்பட்டின் சரிகையும் நேரடி ஃபிளாஷில் இப்படித்தான் கண்ணைப் பறிக்கும். ஒளி பக்கவாட்டில் விழுந்தால் சரிகையும் அழகு, முகமும் அழகு.

தலைக்குக் குளித்ததும் பேத்தியின் கூந்தலுக்குச் சாம்பிராணிப் புகை காட்ட வேண்டும். படத்துக்கும் நன்றாக இருக்குமே? (தெம்பனிஸ் வாசகி)

படத்துக்கு நன்றாகத்தான் இருக்கும், அம்மா. ஆனால் ஹோட்டல் அறையின் கூரையில் புகையறியும் கருவி இருக்கிறது. அதை முந்தைய நாள் வீட்டிலேயே, சன்னலைத் திறந்துவைத்துச் செய்துவிடுங்கள்.

தட்டில் பரப்பி எடுக்கும் படத்துக்கு என்னென்ன எடுத்துவைக்க வேண்டும்? தாலியையும் கேட்டு வாங்கலாமா? (செங்காங் வாசகி)

தாலியைக் கேட்க வேண்டாம். அது மாப்பிள்ளை வீட்டார் பொறுப்பில், தட்டில் மஞ்சளோடும் தேங்காயோடும் வர வேண்டியது; அதைப் படத்துக்காக முன்கூட்டியே கேட்டால் பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள். நெற்றிச்சுட்டி, சூரியப்பிறை, சந்திரப்பிறை, ஜிமிக்கி, தோளில் அணியும் வங்கி, ஒட்டியாணம், அழைப்பிதழ் ஆகியவை போதும். தேக்கா சந்தையில் வாங்கும் மல்லிகைச் சரத்தை ஈரத் துணியில் சுற்றிக் குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் வையுங்கள். உறைபெட்டிப் பக்கம் போனால் பூ உறைந்து, கண்ணாடிபோல் ஆகிக் கறுத்துவிடும். நகைகளைப் பரப்புவதற்கு முன் தரையில் ஒரு வெள்ளைத் துண்டை விரித்துக்கொள்ளுங்கள். ஜிமிக்கியின் திருகாணி ஹோட்டல் கம்பளத்தில் விழுந்தால், படம் எடுக்க வந்தவர் உட்பட அறையில் உள்ள அத்தனை பேரும் முழங்காலில் நின்று தேட வேண்டியிருக்கும்.