காதில் பூவும் கடலில் பீரங்கியும்

கேள்வி: பாய்மரக் கப்பல் காலத்துக் கடற்போர் நாவல்களைப் படிக்கும்படி நீங்கள் அடிக்கடி எழுதுகிறீர்கள். நம்பி இரண்டு படித்தேன். ஐம்பது பேர் உள்ள கப்பல் முந்நூறு பேர் உள்ள கப்பலைப் பிடித்துவிடுகிறதாம்! யார் காதில் பூ வைக்கிறார்கள்? பக்கத்துக்குப் பத்துக் கயிற்றின் பெயர் வேறு. வெள்ளைக்காரன் தன் பெருமையைத் தானே பாடிக்கொண்ட பரணி என்பதைத் தவிர, வளர்ந்தவர்கள் படிக்க இவற்றில் என்ன இருக்கிறது? (ஒரு வாசகர், திண்டுக்கல்)

பதில்: நீங்கள் நம்ப மறுத்த காட்சி எது தெரியுமா? அந்த நாவல்களில் கற்பனை மிகக் குறைவாகக் கலந்த காட்சி அதுதான்.

1801 மே 6 அன்று பார்சிலோனாவுக்கு அருகே அது உண்மையிலேயே நடந்தது. ‘ஸ்பீடி’ என்ற பிரிட்டிஷ் கப்பலில் இருந்தவை 14 பீரங்கிகள், அவையும் நான்கு பவுண்டு குண்டு வீசும் பொம்மைகள். ஒரு பக்கத்துப் பீரங்கிகள் எல்லாம் சேர்ந்து ஒருமுறை முழங்கினால் வெளியே போகும் இரும்பின் எடை 28 பவுண்டு. அத்தனை குண்டுகளையும் சட்டைப்பைகளில் போட்டுக்கொண்டு தளத்தில் உலாவலாம் என்று அதன் தலைவர் தாமஸ் காக்ரேனே பின்னாளில் கேலியாக எழுதினார். எதிரே வந்த ஸ்பானியப் போர்க்கப்பல் ‘எல் காமோ’வில் 32 பீரங்கிகள், 319 பேர். ஸ்பீடியில் அன்றைக்கு 54 பேர்.

காக்ரேன் அமெரிக்கக் கொடியை ஏற்றி எதிரியைக் கொஞ்ச நேரம் குழப்பினார். பிறகு எல் காமோவின் விலாவோடு தன் கப்பலை ஒட்டிவிட்டார். உயரமான கப்பலின் குண்டுகள் குட்டிக் கப்பலின் தலைக்கு மேலே பறந்து பாய்களையும் கயிறுகளையும் கிழித்தன. கீழிருந்து மேல்நோக்கிச் சுட்ட ஸ்பீடியின் குண்டுகள் ஸ்பானியத் தளத்தைத் துளைத்தன. சண்டையின் தொடக்கத்திலேயே ஸ்பானியத் தலைவர் இறந்துபோனார். கடைசியில் மருத்துவரைச் சுக்கானில் நிறுத்திவிட்டு மற்ற அத்தனை பேரும் எதிரியின் கப்பலுக்குள் ஏறிக் குதித்தார்கள். அதில் ஒரு கூட்டம் முகத்தில் கரி பூசியிருந்தது. கைகலப்பின் நடுவே ஆள் அனுப்பி ஸ்பானியக் கொடியை இறக்கச் செய்தார் காக்ரேன். தங்கள் அதிகாரிகள்தான் சரணடைந்துவிட்டார்கள் என்று எண்ணி ஸ்பானிய மாலுமிகள் ஆயுதங்களைக் கீழே போட்டார்கள்.

பிடிபட்ட கப்பலின் இரண்டாம் அதிகாரி தன் கடமையைச் சரியாகச் செய்ததாக ஒரு சான்றிதழ் கேட்டதையும், உண்மையான ஸ்பானியரைப் போல நடந்துகொண்டார் என்று தான் எழுதிக் கொடுத்ததையும் காக்ரேன் தன் வரலாற்றில் சொல்கிறார். இதை ஒருவர் சிறுகதையாக எழுதி அனுப்பியிருந்தால், நம்பும்படியாக இல்லை என்று நானே திருப்பி அனுப்பியிருப்பேன்.

பாட்ரிக் ஓ'பிரையன் 1969-இல் தொடங்கிய நாவல் வரிசையின் முதல் நூலில் பெயர்களை மாற்றி இந்தச் சண்டையை வைத்திருக்கிறார். நீங்கள் படித்தது அதுதான் என்று நினைக்கிறேன். காக்ரேனின் மிச்ச வாழ்க்கை இன்னும் மோசம்: 1814-இல் பங்குச் சந்தை மோசடி வழக்கில் சிறை, பிறகு சிலி, பிரேசில், கிரீஸ் என்று மூன்று நாடுகளின் கடற்படைகளுக்குத் தலைமை. நாவலாசிரியர்கள் அவரைக் குறைத்துத்தான் எழுத வேண்டியிருந்தது. இந்த வகை நாவலைத் தொடங்கிவைத்தவர்களில் ஒருவரான ஃபிரெடெரிக் மாரியட்டும் வெறும் கைகளோடு எழுத வந்தவரல்ல. 1806-இல் 14 வயதுப் பையனாக இதே காக்ரேனின் கப்பலில் சேர்ந்து குண்டு மழையில் வளர்ந்தவர்.

கயிறுகளுக்கு வருவோம். அவற்றின் பெயர்களை மனப்பாடம் செய்யும்படி யாரும் உங்களைக் கேட்கவில்லை. ஓ'பிரையன் தன் கப்பலில் மாட்டூரின் என்ற மருத்துவரை ஏற்றியதே உங்களைப் போன்றவர்களுக்காகத்தான். எத்தனை கடல்களைக் கடந்தாலும் அந்த மனிதருக்கு எந்தக் கயிறு எதற்கு என்று பிடிபடுவதே இல்லை. படகிலிருந்து கப்பலுக்கு ஏறும்போது தண்ணீருக்குள் விழுகிறார். ஆனாலும் வண்டையும் பறவையையும் மனிதர்களையும் அவரளவுக்குக் கூர்ந்து பார்க்கிறவர் அந்தக் கப்பலில் யாரும் இல்லை. அவரோடு சேர்ந்து நீங்களும் கயிறுகளைத் தாண்டிப் போகலாம்.

தாண்டக் கூடாதது காற்று. சதுரப் பாய் கட்டிய கப்பலால் காற்றுக்கு நேர் எதிராகப் போக முடியாது. காற்று வரும் திசையிலிருந்து ஏறக்குறைய 67 பாகை விலகித்தான் போக முடியும். கண்ணுக்கு எட்டிய துறைமுகத்தை அடையவும் இடமும் வலமுமாக நாள் முழுக்க அலைய நேரிடும். இரண்டு கப்பல்கள் சந்தித்தால், காற்று வரும் பக்கத்தில் இருப்பவனே எப்போது சண்டை என்பதை முடிவு செய்கிறான். அவனுக்கும் ஒரு கண்டம் உண்டு. காற்று பலத்தால் அவன் கப்பல் எதிரி இருக்கும் பக்கமாகவே சாயும். கீழ்த்தளத்துப் பீரங்கி வாசல்களைத் திறந்தால் கடல் உள்ளே வந்துவிடும். கப்பலின் மிகப் பெரிய பீரங்கிகள் கீழ்த்தளத்தில்தான் இருக்கும். கைக்கு எட்டும் தூரத்தில் எதிரி, கையில் பெரிய ஆயுதம், பயன்படுத்த வழியில்லை. இதை விட்டுவிட்டு வாள்வீச்சை மட்டும் படித்தால் உங்களுக்குச் சலிக்கத்தான் செய்யும்.

‘பரணி’ என்ற உங்கள் சொல்லில் பாதி நியாயம் உண்டு. ஆனால் இந்த நாவல்களின் பாவம் மிகைப்படுத்தல் அன்று, மறைத்தல். 1756 முதல் 1763 வரை நடந்த ஏழாண்டுப் போரில் பிரிட்டிஷ் கடற்படையில் சண்டையில் இறந்தவர்களாகக் கணக்கிடப்பட்டவர்கள் 1,512 பேர். நோயில் செத்தவர்களும் ஓடிப்போனவர்களுமாகக் கணக்கிலிருந்து கழிந்தவர்கள் 1,33,708 பேர். ஈறு அழுகும் ஸ்கர்வி நோய்க்கு எலுமிச்சையும் ஆரஞ்சும் மருந்தாகும் என்று ஜேம்ஸ் லிண்ட் என்ற கப்பல் மருத்துவர் 1747-இல் சோதித்துக் காட்டினார். கடற்படை எலுமிச்சைச் சாற்றை முறையாகக் கொடுக்கத் தொடங்கியது 1795-இல். நாவல்களில் பெரும்பாலானவை அந்த 1,512 பேரைப் பற்றியவை. மற்றவர்கள் ஓரமாக இருமிக்கொண்டு போகிறார்கள்.

மாரியட்டை இதில் அவ்வளவு எளிதாகக் குற்றம் சொல்ல முடியாது. கடைத்தெருவில் ஆட்களை வலுக்கட்டாயமாகப் பிடித்துக் கப்பலில் ஏற்றும் முறையை ஒழிக்க வேண்டும் என்று, பதவியில் இருக்கும்போதே 1822-இல் சிறு நூல் வெளியிட்டவர் அவர். பரணி பாடுகிறவர் அதைச் செய்ய மாட்டார். இன்னொன்று: கனோஜி ஆங்கரேயின் மராட்டியக் கப்பல்களை வைத்துச் சாண்டில்யன் ‘ஜலதீபம்’ எழுதியபோது நம்மில் யாரும் காதைத் தடவிப் பார்த்துக்கொள்ளவில்லை. அங்கே வீரம், இங்கே பூவா?

வளர்ந்தவர்களுக்கு இவற்றில் என்ன இருக்கிறது என்றீர்கள். கடலூருக்கு வாருங்கள். 1783 ஜூன் 20 அன்று கடலூருக்கு எதிரே சுஃப்ரானின் 15 பிரெஞ்சுப் போர்க்கப்பல்களும் எட்வர்ட் ஹியூஸின் 18 பிரிட்டிஷ் போர்க்கப்பல்களும் மோதின. இந்த இருவருக்கும் அது ஐந்தாவது சண்டை. சதுரங்கப்பட்டினம், நாகப்பட்டினம், திருகோணமலை எல்லாம் முன்பே பார்த்தாகிவிட்டது. ஹியூஸின் ஆட்களை ஸ்கர்வி தின்றுகொண்டிருந்தது, குடிநீரும் குறைந்துவிட்டது. இரு தரப்பிலுமாக இருநூறு பேர் அளவில் செத்தார்கள். கரையில் கடலூர்க் கோட்டையை முற்றுகையிட்டிருந்த படைகளின் கணக்கு தனி. இதற்குச் சரியாக ஐந்து மாதம் முன்பு, ஜனவரி 20 அன்றே, வெர்சாயில் இரண்டு நாடுகளும் பூர்வாங்க சமாதான ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டுவிட்டன. செய்தி இன்னும் வழியில்தான் இருந்தது. சண்டை முடிந்து சில நாட்களுக்குப் பிறகுதான் கடலூரை எட்டியது.

இந்த நாவல்களின் உயிர் அங்கே இருக்கிறது. கேட்டுத் தெரிந்துகொள்ள ஆளில்லாத ஒருவன், பல மாதப் பழைய உத்தரவைப் பையில் வைத்துக்கொண்டு, இன்றைய எதிரி யார் என்பதை ஊகித்து நூற்றுக்கணக்கான பேரின் உயிரைப் பணயம் வைக்கிறான். ஹார்ன்புளோயர் என்ற கப்பல் தலைவனை வைத்து சி.எஸ். ஃபாரஸ்டர் எழுதி 1937-இல் வந்த முதல் நாவல் முழுக்க இதன்மேல்தான் நிற்கிறது. தலைவன் பெரும்பாடு பட்டு ஒரு ஸ்பானியக் கப்பலைப் பிடித்து, மேலிடத்து உத்தரவுப்படி ஸ்பெயினுக்கு எதிரான கலகக்காரன் ஒருவனிடம் ஒப்படைக்கிறான். அதற்குப் பிறகு வந்து சேர்கிறது செய்தி: ஸ்பெயின் இப்போது நம் நட்பு நாடு. தான் கொடுத்த கப்பலைத் தானே போய் உடைக்க வேண்டும். அந்தத் தலைவன் ஒன்றும் மாவீரன் அல்லன். கடலில் வாந்தி எடுக்கிறவன், தன்னையே சந்தேகிக்கிறவன், அதை மறைப்பதற்காக யாரோடும் பேசாதவன். எழுத்துக்கு ஓ'பிரையனே மேல் என்பது என் கட்சி. ஆனாலும் உங்களுக்கு ஃபாரஸ்டர்தான் சரி, கயிறு குறைவு.

திரைப்படத்தைப் பார்த்துவிட்டு அடுத்த கேள்வியை அனுப்பிவிடாதீர்கள். ஓ'பிரையனின் 1984 நாவலில் கதாநாயகன் பசிபிக் வரை துரத்திப் போவது ஓர் அமெரிக்கப் போர்க்கப்பலை. 2003-இல் ஹாலிவுட் அதைப் படமாக்கியபோது எதிரியைப் பிரெஞ்சுக்காரனாக்கிவிட்டார்கள். டிக்கெட் எந்த நாட்டில் அதிகம் விற்கும் என்பது அவர்களுக்குத் தெரியும்.