‘கொஞ்சம் தள்ளி உட்காரு’

கேள்வி: அக்கா, மதுரை வில்லாபுரத்தில் எங்கள் வீட்டு மாடியில் ஆறு வருடமாக டியூஷன் சென்டர் நடத்துகிறேன். மூன்றாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை 50 பிள்ளைகள், இந்திக்கு 14 பேர், மொத்தம் 64. 12-க்கு 15 அடியில் ஒரு ஹால், 10-க்கு 10-ல் ஓர் அறை. நானும், கணக்கு எடுக்க ஒரு பெண்ணும் இருக்கிறோம். இந்தி டீச்சர் திங்கள், புதன், வெள்ளி ஏழரைக்கு வருவார். ஐந்து மணி வகுப்பில் ஒன்பதே பேர். ஆறு மணிக்கு 41 பேர் வந்து நிற்கிறார்கள். சேர வருகிற எல்லாரும் ஆறு மணிதான் கேட்கிறார்கள். தெருக்காரர்கள், சொந்தக்காரர்கள், யாரிடம் முடியாது என்பது? போன மாதம் ஏழாம் வகுப்பு இரட்டைப் பிள்ளைகளின் அம்மா, “பீஸ் வாங்கத் தெரியுது, உக்கார இடம் குடுக்கத் தெரியலையே” என்று சொல்லிவிட்டுப் பிள்ளைகளை நிறுத்திவிட்டார். கீழே காலியாகக் கிடக்கும் கடையை 6,000 ரூபாய் வாடகைக்கு எடுத்துவிடலாம் என்கிறார் கணவர். எடுக்கலாமா?
— ஒரு வாசகி, வில்லாபுரம்

பதில்: கடையை இப்போதைக்கு எடுக்க வேண்டாம். ஏன் என்று சொல்கிறேன். கொஞ்சம் கணக்குப் போட வேண்டியிருக்கும். டியூஷன் நடத்துகிறவருக்கு அது கசக்காது.

அதற்கு முன்னால் ஒரு பழைய கதை. பிளஸ் டூ முடித்த லீவில் சிம்மக்கல் பக்கம் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் சேரப் போனேன். மாடியில் நீள அறை, பத்து மெஷின். சார் மேஜைக்குப் பின்னால் சுவரில் ஓர் அட்டை தொங்கும். மேலே மெஷின் நம்பர், பக்கவாட்டில் காலை ஆறிலிருந்து ராத்திரி எட்டு வரை மணி. ஒவ்வொரு கட்டத்திலும் பென்சிலால் ஒரு பெயர். நான் சாயங்காலம் ஐந்து மணி கேட்டேன். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அட்டையைத் திரும்பிப் பார்த்துவிட்டு, “காலைல ஆறு இருக்கு, மத்தியானம் ரெண்டு இருக்கு. அஞ்சு வேணும்னா பரீட்சை முடியட்டும்” என்றார். எனக்குக் கோபமே வரவில்லை. பத்து மெஷின், பத்துப் பெயர். இதில் சண்டை போட என்ன இருக்கிறது? மறுநாள் விடிகாலை ஆறு மணிக்குத் தூக்கக் கலக்கத்தோடு போய் ‘ஏ எஸ் டி எஃப்’ அடிக்க ஆரம்பித்தேன்.

அவருக்கு இருந்த வசதி உங்களுக்கு இல்லை. மெஷினிடம் ‘கொஞ்சம் தள்ளி உட்காரு’ என்று சொல்ல முடியாது. பெஞ்சில் சொல்ல முடியும். ஐந்தடி பெஞ்சில் இரண்டு பேர் உட்கார்ந்தால் நோட்டை விரித்து எழுதலாம். மூன்று பேர் என்றால் முழங்கை இடிக்கும். நாலாவது பிள்ளை மடியில் நோட்டை வைத்துக்கொண்டு, ஒரு காலை வெளியே போட்டு, பெஞ்சின் நுனியில் தொத்திக்கொண்டிருக்கும். ஒவ்வொரு முறையும் ‘ஒரு பிள்ளைதானே’ என்றுதான் சேர்த்திருப்பீர்கள். நானும் அப்படித்தான் சேர்த்தேன். என் சென்டரில் ஒரு வருடம் பத்தாம் வகுப்புப் பையன் ஒருவன் மாடிப்படியில் உட்கார்ந்து ஜியாமெட்ரி போட்டான். அவன் அப்பா வந்து பார்த்த அன்று எனக்கு முகம் வைக்க இடமில்லை.

சரி, கணக்குக்கு வருவோம். 2024 ஜனவரியில் மத்தியக் கல்வி அமைச்சகம் கோச்சிங் சென்டர்களுக்கென்று வழிகாட்டு நெறிமுறை ஒன்று வெளியிட்டது. ஒரு வகுப்பில் ஒரு மாணவருக்குக் குறைந்தது ஒரு சதுர மீட்டர் இடம் வேண்டும் என்கிறது அது. நம் கணக்கில் பத்தே முக்கால் சதுர அடி. பெரிய நுழைவுத்தேர்வு கோச்சிங்கை மனதில் வைத்து எழுதியது அது. 16 வயதுக்குக் கீழ் சேர்க்கக்கூடாது என்பது போன்ற வரிகளும் அதில் உண்டு. 50 பேருக்கு மேல் படிக்கிற இடங்களைத்தான் அது கோச்சிங் சென்டர் என்கிறது. உங்களிடம் 64 பேர் இருப்பதால், உங்களைப் போன்ற சென்டருக்கு அது எந்த அளவுக்குப் பொருந்தும் என்று தெரிந்த வக்கீல் ஒருவரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அளவை மட்டும் இப்போது கடன் வாங்குவோம். உங்கள் ஹால் 180 சதுர அடி, 16 பேர். சின்ன அறை 100 சதுர அடி, 9 பேர். ஆக 25 சீட்டு. ஆறு மணிக்கு அதில் 41 பேர்.

இப்போது வாரத்துக்கு எத்தனை ‘சீட்டு மணி’ என்று பாருங்கள். ஒரு சீட்டில் ஒரு பிள்ளை ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் ஒன்று. திங்கள் முதல் வெள்ளி வரை தினம் மூன்று வகுப்பு, ஐந்து நாளுக்குப் பதினைந்து. அதை 25-ஆல் பெருக்கினால் 375. உங்களுக்குத் தேவை எவ்வளவு? தினமும் வருகிற 50 பிள்ளைக்கு 250, மூன்று நாள் வருகிற 14 இந்திப் பிள்ளைக்கு 42. மொத்தம் 292. ‘அட, 83 மிச்சம் இருக்கே’ என்று தோன்றும். அவசரப்பட வேண்டாம். ஏழரைக்குச் சின்ன அறையில் சொல்லித்தர யாருமில்லை. செவ்வாயும் வியாழனும் அந்த நேரத்தில் ஹாலிலும் ஆளில்லை. டீச்சர் இல்லாத பெஞ்சு வெறும் மரம்தான். அறையின் 45-ஐயும் ஹாலின் 32-ஐயும் கழித்தால் 298. தேவையோ 292. மிச்சம் வெறும் ஆறு.

கடை வேண்டாம் என்று நான் சொன்னது இதனால்தான். ஆறு மணிக்கு நீங்கள் ஹாலில், அந்தப் பெண் அறையில். கீழ்க்கடையில் யார்? வாடகையோடு மூன்றாவதாக ஒரு டீச்சரின் சம்பளமும் சேரும். அதுவும் ஒரு நாளில் ஒரே ஒரு மணி நேர நெருக்கடிக்காக. உங்கள் கணவர் நல்ல மனதோடுதான் சொல்லியிருப்பார். இந்தப் பாராவை அவரிடம் படித்துக் காட்டுங்கள்.

செய்ய வேண்டியது ஆறு மணிக் கூட்டத்தைப் பிரிப்பது. 41 பேரில் எந்த வகுப்பில் எத்தனை பேர் என்று கடிதத்தின் பின்பக்கம் எழுதியிருந்தீர்கள்: பத்தாவது 13, ஒன்பதாவது 8, எட்டாவது 9, ஆறும் ஏழும் சேர்ந்து 11. இதில் ஆறு மணி நிஜமாகவே தேவைப்படுவது பத்தாம் வகுப்புக்குத்தான். பள்ளியில் ஸ்பெஷல் கிளாஸ் முடித்து, பஸ் பிடித்து, முகம் கழுவி வர அவ்வளவு நேரமாகும். ஏழரைக்குத் தள்ளினால் பெண் பிள்ளைகள் வீடு திரும்பும்போது எட்டரை தாண்டும், எந்த அம்மாவும் ஒப்புக்கொள்ள மாட்டார். ஆகவே ஹால் பத்தாவதுக்கு, ஐந்து நாளும். ஆறு ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் நாலேகாலுக்கே வீட்டில் இருப்பார்கள், அவர்களை ஐந்து மணிக்கு ஹாலுக்குக் கொண்டுவாருங்கள். ஏற்கெனவே ஐந்து மணிக்கு வரும் ஒன்பது சின்னப் பிள்ளைகளுக்குச் சின்ன அறை அளவெடுத்துத் தைத்த மாதிரி இருக்கும்.

எட்டும் ஒன்பதும்தான் பாக்கி. சின்ன அறை ஆறு மணிக்குத் திங்கள், புதன், வெள்ளி ஒன்பதாவதுக்கு. செவ்வாய், வியாழன் எட்டாவதுக்கு. சனிக்கிழமை காலை இரண்டு வகுப்புக்கும் தலா இரண்டு மணி நேரம், ஒன்றன்பின் ஒன்றாக. பள்ளி சனிக்கிழமை வேலை நாள் என்று அறிவித்தால் அன்று மாலைக்கு மாற்றிக்கொள்ளலாம். ஒன்பதாவதுக்கு வாரம் ஐந்து மணி அப்படியே நிற்கும். எட்டாவதுக்கு ஒரு மணி குறையும். அதை மறைக்காதீர்கள். கண்டுபிடித்துக் கேட்பார்கள், அப்போது நீங்கள் திருடி மாதிரி முழிக்க வேண்டியிருக்கும். ஃபீஸில் கொஞ்சம் குறைத்து, காரணத்தையும் நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள். கணக்கு எடுக்கும் பெண் சனிக்கிழமை வந்தால் அதற்குத் தனியாகப் பணம் கொடுங்கள். இதைக் கேட்காமலே செய்தால் அவர் நிலைப்பார். டியூஷன் டீச்சர் பாதி வருடத்தில் நின்றுவிட்டால், நான் எழுதிய இந்தக் கணக்கு அத்தனையும் குப்பைக்குத்தான் போகும்.

இன்னொன்று. ஐந்து மணி வகுப்பு ஆறுக்கு முடிந்தால் அடுத்தது ஆறேகாலுக்குத் தொடங்கட்டும். உங்கள் மாடிப்படியை நான் பார்த்ததில்லை, ஆனால் எப்படி இருக்கும் என்று தெரியும். ஒவ்வொரு படியிலும் செருப்பு. இறங்குகிறவன் அடுத்தவன் செருப்பை மாட்டிக்கொண்டு போவான், ஏறுகிறவள் அதன்மேல் மிதிப்பாள், வாசலில் நாலு டூவீலர் ஒன்றையொன்று பார்த்து ஹாரன் அடிக்கும், பக்கத்து வீட்டுப் பெரியவர் ஜன்னலைச் சாத்துவார். அந்தக் கால் மணி நேரத்தில் தெரு காலியாகும். நீங்களும் ஒரு வாய் காபி குடிக்கலாம்.

பெஞ்சில் பெயின்ட்டால் நம்பர் எழுதிவிடுங்கள். ஹாலில் 1 முதல் 16, அறையில் 1 முதல் 9. விளையாட்டாகத் தோன்றும். ஆனால் பெஞ்சை மெஷின் ஆக்குவது அந்த நம்பர்தான். பிறகு ஒரு சார்ட் பேப்பரில் டைப்ரைட்டிங் சார் மாதிரியே கட்டம் போட்டு, பென்சிலால் பெயர் எழுதி, வருகிறவர்கள் கண்ணில் படும்படி மாட்டுங்கள். எக்செல் தெரிந்தால் அதிலும் வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் சுவரில் இருப்பதற்குத்தான் மரியாதை.

சின்ன மாமியார் பேரனைக் கையில் பிடித்துக்கொண்டு படியேறி வருவார். அப்போது, “ஆறேகாலுக்குச் சீட்டு இல்லீங்கத்தை. அஞ்சு மணிக்கு இருக்கு, பாருங்க. ஆறேகால்தான் வேணும்னா நோட்டுல பேர் எழுதிக்கிறேன்” என்று சார்ட்டைக் காட்டிச் சொல்லுங்கள். இல்லை என்று நீங்கள் சொன்னதாக ஆகாது, சார்ட் சொன்னதாகிவிடும். அந்த நோட்டை நிஜமாகவே வைத்துக்கொள்ளுங்கள். தேதி, வகுப்பு, கேட்ட நேரம், போன் நம்பர். இடம் காலியானால் முதல் பெயருக்குப் போன், இரண்டு நாள் அவகாசம், பதில் வராவிட்டால் அடுத்த பெயர். வரிசையை ஒருமுறை மீறினாலும் தெரு முழுக்கத் தெரிந்துவிடும், வில்லாபுரம் உங்களுக்குத் தெரியாததா?

ஹாலில் பத்தாவதுக்கு மூன்று சீட்டு மிஞ்சும். மூன்றையும் நிரப்பாதீர்கள். ஒன்றைக் கொடுத்துவிட்டு இரண்டை வைத்துக்கொள்ளுங்கள். காய்ச்சலில் விட்ட பிள்ளை, தங்கச்சியைத் தனியே விட முடியாமல் கூட்டி வரும் அக்கா, இவர்களுக்கெல்லாம் அது உதவும். அதேபோல் சொல்லாமல் நின்றுவிடுகிற பிள்ளைகள்: இரண்டு வாரம் தகவல் இல்லாவிட்டால் சீட்டு போய்விடும் என்று சேர்க்கும்போதே சொல்லிவிடுங்கள். சேர்க்கும் நோட்டில் இன்னும் ஒரு கேள்வியும் இருக்கட்டும்: ‘சாயங்காலம் வேறு எங்கே போகிறாள்?’ பரதம், சிலம்பம், ஓதப் போவது என்று ஒவ்வொரு வீட்டிலும் ஒன்று இருக்கும். முதலிலேயே கேட்டால், பிறகு ‘செவ்வாய்க்கிழமை மட்டும் லேட்டா வருவான் மிஸ்’ என்பது வராது.

மதுரைக்காரருக்கு நான் சொல்ல வேண்டியதில்லைதான், இருந்தாலும் வருட அட்டவணையில் சில வாரங்களை இப்போதே கோடு போட்டு வையுங்கள். தை முதல் நாள் அவனியாபுரம் ஜல்லிக்கட்டு, மறுநாள் பாலமேடு, அதற்கு மறுநாள் அலங்காநல்லூர். அவனியாபுரம் உங்கள் பக்கத்து ஊர். அன்றைக்கு வகுப்பு வைத்தால் நீங்களும் பெஞ்சும்தான் இருப்பீர்கள். அழகர் ஆற்றில் இறங்கும் வாரமும் அப்படியே. இந்தி பிரசார சபா பரீட்சை பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் வரும், அதற்கு முந்திய மாதம் இந்தி டீச்சர் கூடுதல் நாள் கேட்பார். செவ்வாய், வியாழன் ஏழரைக்கு ஹால் காலிதான், கொடுத்துவிடலாம்.

மாற்றத்தை மாதத்தின் நடுவில் செய்யாதீர்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பெற்றோரைக் கூப்பிட்டு, சார்ட்டை மாட்டி, டீ கொடுத்துச் சொல்லுங்கள். வாட்ஸ்அப்பில் மட்டும் போட்டால் பாதிப் பேர் பார்க்க மாட்டார்கள், மீதிப் பேர் குரூப்பிலேயே சண்டைக்கு வருவார்கள். ஒன்றிரண்டு பேர் நிறுத்துவார்கள், அதற்கு மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள். ஜூன் வரை இப்படி ஓட்டிப் பாருங்கள். அதற்குள் காத்திருப்போர் நோட்டில் ஒரே நேரத்துக்குப் பத்துப் பெயர் சேர்ந்து, நல்ல டீச்சரும் ஒருவர் கிடைத்தால், அப்போது கடைக்காரரிடம் பேசலாம். கடை காலியாகத்தான் கிடக்கும் என்றால் வாடகையும் கொஞ்சம் இறங்கியிருக்கும்.

பெயின்ட் காய்ந்ததும் அந்த இரட்டைப் பிள்ளைகளின் அம்மாவுக்கு ஒரு போன் போடுங்கள். ஐந்து மணிக்கு ஹாலில் 13, 14 இரண்டும் காலிதான், ஒரே பெஞ்சு.