சுருள்முடிப் பூனை வாங்கும் முன்: வாசகர் கேள்விகள், மருத்துவர் பதில்கள்

மகளுக்குப் பூனை முடி ஒத்துக்கொள்ளாது, தும்மல் வந்துவிடும். சுருள்முடி ரெக்ஸ் பூனை அலர்ஜி தராது என்கிறார் விற்பவர். நம்பலாமா டாக்டர்? (செந்தூல்)

நம்பாதீர்கள். தும்மலைக் கிளப்புவது முடியே அல்ல. பூனையின் உமிழ்நீரிலும் தோலின் எண்ணெய்ச் சுரப்பிகளிலும் ஊறும் 'ஃபெல் டி 1' என்ற புரதம்தான் முக்கியக் காரணம். பூனை தன்னை நக்கிக்கொள்ளும்போது அது உடல் முழுக்கப் படிகிறது. காய்ந்ததும் தூசியோடு கலந்து பறக்கிறது. சுருள்முடிப் பூனைக்கும் நாக்கு உண்டு, தோல் உண்டு. முடி குறைவாகக் கொட்டுவதால் சோபா சுத்தமாக இருக்கும், அவ்வளவுதான் லாபம்.

இந்தப் புரதத்தின் அளவு இனத்தைவிடத் தனித்தனிப் பூனையைப் பொறுத்தே அதிகம் மாறும். கருத்தடை செய்யாத ஆண் பூனையிடம் பொதுவாகக் கூடுதல். ஆகவே வாங்க நினைக்கும் அதே பூனையோடு மகளைச் சில மாலை நேரங்கள் இருக்க விட்டுப் பாருங்கள். குட்டியைவிட வளர்ந்த பூனையோடு சோதிப்பது நம்பகமானது. வெறும் தும்மல் அல்ல, மூச்சு இழுப்பும் உண்டு என்றால் முதலில் மகளின் மருத்துவரைக் கேளுங்கள். அந்த நிலையில் வேண்டாம் என்றுதான் நான் சொல்வேன்.

ஒருவர் 'ரெக்ஸ்' என்று மட்டும் சொல்லி விற்கிறார். எந்த ரெக்ஸ் என்று கேட்டால் "எல்லாம் ஒன்றுதான் அக்கா" என்கிறார். உண்மையா? (பிரிக்பீல்ட்ஸ்)

ஒன்று இல்லை. 1950-இல் இங்கிலாந்தின் கார்ன்வால் வட்டாரத்தில் கல்லிபங்கர் என்ற சுருள்முடிக் குட்டி பிறந்தது; கார்னிஷ் ரெக்ஸ் அதன் வழி. பத்து ஆண்டு கழித்துப் பக்கத்து டெவனில் கிர்லீ என்ற இன்னொரு சுருள்முடிக் குட்டி பிறந்தது; டெவன் ரெக்ஸ் அதன் வழி. இரண்டும் ஒரே இனம் என்று நினைத்து இணை சேர்த்தார்கள். பிறந்த குட்டிகள் எல்லாம் நேர்முடி! சுருளுக்குக் காரணமான மரபணு இரண்டிலும் வேறு வேறு என்பது அப்படித்தான் தெரிந்தது. 'டெவன்-கார்னிஷ் முதல் கலப்பு, அழகான சுருள்' என்று யாராவது விற்றால் சிரித்துவிட்டு நகருங்கள்.

1987-இல் அமெரிக்காவின் மொன்டானாவில் தோன்றிய செல்கிர்க் ரெக்ஸ், தடித்த உடம்பும் அடர்ந்த முடியும் கொண்டது. அதில் பாரசீகப் பூனையின் ரத்தம் உண்டு. ஒரிகனில் தோன்றிய லாபெர்ம் இன்னொரு வகை.

எந்த இனம் என்பது எனக்கு ஏன் முக்கியம் என்றால், கேட்க வேண்டிய பரிசோதனை அதைப் பொறுத்து மாறும். செல்கிர்க் என்றால், பாரசீக வழி வரும் சிறுநீரக நீர்க்கட்டி நோய்க்குத் தாய் தந்தையின் டிஎன்ஏ முடிவு எங்கே என்று கேளுங்கள். டெவன் என்றால் பரம்பரைத் தசை பலவீனம். கழுத்தை நிமிர்த்த முடியாமல் தலை தொங்கும், உணவு தொண்டையில் அடைக்கும். இதற்கும் டிஎன்ஏ சோதனை உண்டு. டெவனில் 'பி' ரத்த வகை சாதாரணப் பூனைகளைவிட அதிகம். பூனைகளில் தவறான வகை ரத்தம் ஏற்றினால் உயிருக்கே ஆபத்து. அறுவை சிகிச்சைக்கு முன் ரத்த வகை பார்க்கச் சொல்லுங்கள். இதயத் தசை தடிக்கும் நோய் இரண்டு இனங்களிலும் வரக்கூடும். மெய்ன் கூன், ராக்டால் என்ற வேறு இனங்களுக்கு உள்ள இதய டிஎன்ஏ சோதனைகள் இவற்றுக்குச் செல்லாது, ஸ்கேன்தான் வழி. அந்தக் காகிதத்தைக் காட்டி ஏமாற்றுவோரும் உண்டு, கவனம்.

எந்தக் காகிதமும் இல்லை, விலை மட்டும் மலிவு என்றால் நீங்கள் காசு கொடுப்பது சுருளுக்கு மட்டும்தான். அதற்கு அம்பாங்கில் உள்ள எஸ்பிசிஏ விலங்குக் காப்பகத்துக்குப் போய் ஒரு நேர்முடியைத் தூக்கி வரலாம்.

எங்கள் டெவன் எப்போதும் பிசுபிசுப்பாக இருக்கிறது, காதில் பழுப்பு அழுக்கு. அம்மா வேப்பெண்ணெயும் தேங்காய் எண்ணெயும் தேய்க்கச் சொல்கிறார். தேய்க்கலாமா? (செராஸ்)

அம்மாவிடம் மெதுவாகச் சொல்லுங்கள்: வேண்டாம். இருக்கிற பிசுக்கே எண்ணெய்தான். மற்ற பூனைகளின் தோல் எண்ணெயை அடர்ந்த முடி இழுத்துக்கொள்கிறது. டெவனுக்கு அந்த வசதி இல்லை, தோலிலேயே தங்கிவிடுகிறது. கோலாலம்பூர் ஈரப்பதத்தில் அங்கே மலசீசியா என்ற ஈஸ்ட் செழித்து வளரும். அக்குள், நக இடுக்கு, காது, இந்த மூன்றையும் பாருங்கள். பழுப்பு மெழுகும் ஒரு புளித்த வாடையும் இருந்தால் அதுதான். மருத்துவர் ஒரு துளி எடுத்து நுண்ணோக்கியில் பார்த்து உறுதி செய்வார். மற்ற நாளில் பூனைக்கான ஷாம்பூவில் வாரம் அல்லது இரு வாரம் ஒருமுறை குளிப்பாட்டி, நன்றாகத் துவட்டுங்கள். மனிதர் ஷாம்பூ, நாய் ஷாம்பூ கூடாது.

பூசியது எதுவாக இருந்தாலும் பூனை நக்கி விழுங்கிவிடும். வேப்பெண்ணெயும் டீ ட்ரீ எண்ணெயும் அதனால்தான் ஆபத்து. நாய்க்கு விடும் பெர்மெத்ரின் உண்ணி மருந்து அதைவிட மோசம், பூனையின் கல்லீரலால் அதை முறிக்க முடியாது, வலிப்பு வரும். டெங்கி புகை அடிக்க வரும்போதும் இதே வகை மருந்து இருக்கலாம். பூனையைக் கூடையில் போட்டு வெளியே கொண்டுபோங்கள், வாடை அடங்கியபின் தண்ணீர்க் கிண்ணத்தைக் கழுவி வையுங்கள்.

ஏர்கோன் இல்லாமல் இந்தப் பூனை வாழுமா? (கெப்போங்)

வாழும். இதன் சிக்கல் வெயிலைவிடக் குளிர்தான். 18 டிகிரியில் ஏர்கோனைப் போட்டுவிட்டு நீங்கள் போர்வைக்குள் போனால் அதுவும் பின்னாலேயே வரும். செல்கிர்க் மட்டும் அடர்முடிக்காரர், மத்தியானம் அதற்குக் காற்றாடி வேண்டும்.

கொண்டோவில் இருக்கிறோம். நிர்வாகம் தடுக்க முடியுமா? (புக்கிட் ஜாலில்)

2015 ஸ்ட்ராட்டா (அடுக்குமாடி) பராமரிப்பு விதிமுறைகளின் மூன்றாம் அட்டவணையில், மற்றவர்களுக்குத் தொல்லையோ ஆபத்தோ தரும் விலங்கை வைத்திருக்கக் கூடாது என்று இருக்கிறது. எழுத்துமூல நோட்டீஸ் வந்தால் மூன்று நாளில் அப்புறப்படுத்தச் சொல்வார்கள். உங்கள் கட்டடத்துக்குக் கூடுதல் விதிகளும் இருக்கலாம், வாங்கும் முன் நிர்வாக அலுவலகத்தில் எழுதி வாங்குங்கள். வாடகை வீடு என்றால் வீட்டுக்காரரிடமும்தான். பால்கனிக்கு வலை போடுங்கள். ரெக்ஸ் கிரில்லில் ஏறி உச்சியில்தான் உட்காரும்.

நாங்கள் சைவக் குடும்பம். தயிர் சாதத்தில் பூனை வளருமா? (செத்தாபாக்)

வளராது. பூனைக்கு டாரின் என்ற அமினோ அமிலம் உணவிலிருந்து கிடைத்தே ஆக வேண்டும், அது இறைச்சியிலும் மீனிலும் இருக்கிறது. குறைந்தால் பார்வை போகும், இதயம் வீங்கிப் பலவீனமாகும். வீட்டில் மீன் சமைக்க வேண்டாம், முழுச் சத்துள்ள பூனை உணவை டின்னிலோ பொட்டலத்திலோ வாங்குங்கள். அதையும் தொட மனம் இல்லை என்றால் முயல் வளருங்கள், நான் தப்பாக நினைக்க மாட்டேன். சாம்பார் வேண்டவே வேண்டாம், வெங்காயமும் பூண்டும் பூனையின் சிவப்பணுக்களை உடைக்கும்.

வாங்கி மூன்று வாரம். குட்டிக்கு முடி கொட்டி அங்கங்கே மொட்டை. ஏமாந்துவிட்டோமா? (செலாயாங்)

அவசரப்படாதீர்கள். டெவன், லாபெர்ம் குட்டிகளுக்கு முதல் முடி கொட்டிப் பிறகு முளைப்பது உண்டு. ஆனால் வட்டமாக, ஓரம் செதிலோடு, சிவந்து இருந்தால் அது படர்தாமரையாக இருக்கலாம். அது உங்கள் கைக்கும் ஒட்டும். இந்த வாரமே கிளினிக்குக்குக் கொண்டுபோய்ப் பூஞ்சைச் சோதனை செய்யச் சொல்லுங்கள், முடிவு வரும்வரை பிள்ளைகளின் படுக்கையில் விடாதீர்கள்.